நீலம் சொல்லாத அடி

நேற்றும் அதே கதைதான். காலை நடை முடிந்து பூங்காவின் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. உங்களில் ஒருவர் கைபேசியை எடுத்துப் பழைய குத்துச்சண்டை ஒன்றைப் போட்டுவிட்டார். கருப்பு வெள்ளைப் படம். ஒருவன் உயரமாக, ஒல்லியாக, தொடவே முடியாதபடி விலகி விலகி ஆடுகிறான். எதிரில் கழுத்தே இல்லாத ஒரு முரடன். அவன் விடுகிற குத்துகளில் பாதி காற்றில் போகின்றன, மீதி ஒல்லிக்காரனின் கையிலும் தோளிலும் விழுகின்றன. அவன் நிறுத்துவதாக இல்லை. எட்டாவது சுற்றில் ஒல்லிக்காரன் கயிற்றில் சாய்ந்து கிடக்கிறான்.

"அழகா ஆடறவனுக்கு அநியாயம் பண்ணிட்டாங்க," என்றார் ஒருவர். "ரெஃபரி அந்த மாட்டைப் புடிச்சுக் கட்டியிருக்க வேணாமா?" என்றார் இன்னொருவர். பிறகு எல்லோருமாக என் பக்கம் திரும்பினீர்கள். "நீ சொல்லுப்பா. இந்த மாதிரி ஒரு முரடனை அடியே வாங்காம ஜெயிச்சவன் நீதான?"

நான் எழுந்து வந்துவிட்டேன். தோள்வலி என்று நினைத்திருப்பீர்கள். தோளும் வலிக்கத்தான் செய்கிறது. ஆறு மாதமாக வலது தோள் இறுகிப்போய், கை மார்புக்கு மேல் போக மாட்டேன் என்கிறது. ஆனால் நேற்று எழுந்தது எரிச்சலில். எத்தனை வருடமாக இதே பேச்சு! நேரில் சொல்லலாம் என்றால் ஒரு வாக்கியத்தை முடிக்க விடமாட்டீர்கள், ஒருவர் சர்க்கரை அளவைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். அதனால் எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் படியுங்கள்.

நமக்கெல்லாம் அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. ஓசூரில் கம்பெனி குவார்ட்டர்ஸ் புதிது, சுவரில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. கேன்டீனுக்குப் பின்னால் கம்பெனி விளையாட்டு மன்றத்துக் கொட்டகை. இயந்திரங்கள் வந்த மரப்பெட்டிகளைப் பிரித்துத் தரை போட்டு, அதன்மேல் தேங்காய்நார் மெத்தை விரித்து, லாரிக் கயிற்றை நான்கு பக்கமும் கட்டி, அதைத்தான் ரிங் என்று சொல்லிக்கொண்டோம். மெத்தையை எத்தனை முறை தட்டினாலும் தூசி வரும். கையுறைகள் இரண்டே ஜோடி. வெடித்துப்போன சிவப்புத் தோல், உள்ளே ஊரிலுள்ள எல்லாப் பையன்களின் வியர்வையும் சேர்ந்த நாற்றம். அது இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

என் அப்பாவை உங்களுக்குத் தெரியும். தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர். பட்டாளத்தில் இருந்தபோது குத்துச்சண்டை பழகியவர் என்பதால் மன்றத்துப் பையன்களைப் பயிற்றுவிக்கும் வேலையும் அவருடையது. அவருக்கு உலகத்தில் இரண்டு வகைதான்: பாஸ், ரிஜெக்ட். சாம்பாரையும் அப்படித்தான் பார்ப்பார், என்னையும் அப்படித்தான் பார்த்தார்.

அவர் செய்த ஒரு காரியத்தை வேறெந்த ஊர்க் குத்துச்சண்டை வாத்தியாரும் செய்திருக்க மாட்டார். ஃபிட்டர்கள் ஒரு நீலப் பசை வைத்திருப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு இரும்புப் பரப்புகள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க, ஒன்றில் அதைப் பூசி மற்றதன்மேல் வைத்து எடுப்பார்கள். தொட்ட இடத்திலெல்லாம் நீலம் ஒட்டியிருக்கும். அப்பா அதில் ஒரு சின்ன டப்பா கொண்டுவந்து கையுறைகளில் பூசிவிட்டார். சுற்று முடிந்ததும் டார்ச் அடித்து எங்கள் முகத்தையும் மார்பையும் பார்த்து, எத்தனை நீலம் என்று எண்ணுவார்.

"முகத்துலயும் முன்பக்கத்துலயும் பட்டாதான் பாயின்ட். கையில, தோள்ல பட்டது கணக்குல வராது," என்பார். விதியும் அதுதான். அந்த மட்டில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆக, நான் நீலம் படாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். இடது கையால் லேசாகத் தொட்டுவிட்டு விலகுவது. எதிராளியின் தோள் அசைவதைப் பார்த்துத் தலையைச் சாய்ப்பது. கயிற்றுக்கு அருகில் போனால் காலைத் திருப்பி வெளியே வந்துவிடுவது. நான்கு மாதத்தில் என் வெள்ளை பனியன் வெள்ளையாகவே வீடு திரும்பியது. அப்பா அதைக் கொடியில் முன்வரிசையில் காயப்போடச் சொல்வார். அம்மாவுக்கு ஒரே எரிச்சல். "தோய்க்காத பனியனை எதுக்குங்க காயப்போடறது?" என்பாள்.

அந்தக் கார்த்திகையில்தான் அத்தை மகன் வந்தான். அப்பாவின் தங்கையைத் தளியில் விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தது. அவன் ஓசூரில் படிக்கட்டும் என்று எங்கள் வீட்டில் விட்டார்கள். என்னைவிட அரைச்சாண் குள்ளம். முட்டைக்கோஸ் மூட்டையைத் தலையில் வைத்து லாரியில் ஏற்றிப் பழகிய கழுத்து. பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுவான். நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால் "சும்னிரு மச்சான்" என்று வாயை அடைப்பான். தளியில் அதற்குப் பேசாமல் இரு என்று அர்த்தம்.

முதல் நாளே அப்பா அவனை ரிங்கில் ஏற்றினார். நான் அவன் மூக்கில் ஐந்து முறை தொட்டேன். வேறு பையனாக இருந்தால் இரண்டாவதிலேயே யோசித்திருப்பான். இவன் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான். வந்து, நெற்றியை என் தாடைக்குக் கீழே முட்டுக்கொடுத்தாற்போல் வைத்துக்கொண்டான். அவன் தலையில் தடவியிருந்த கடலை எண்ணெய் என் வாயில் பட்டது. அப்புறம் அடிக்க ஆரம்பித்தான். எங்கே என்று பார்க்கவில்லை. என் முழங்கை, தோள்பட்டை, மேல்கை, இடுப்பு, எது கிடைத்ததோ அது.

நீங்கள் "மாடு, மாடு" என்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. விலகி ஆடுகிறவனுக்கு ஓரடி இடம் வேண்டும். அந்த ஓரடியில்தான் அவன் வித்தை எல்லாம் இருக்கிறது. தோள் அசைவதைப் பார்த்துத் தலையைச் சாய்க்கிறான் என்றேனே, எதிராளியின் தலை தாடைக்குக் கீழே இருந்தால் எந்தத் தோளைப் பார்ப்பது? அவன் பத்துக் குத்து தவறவிட்டாலும் வெட்கப்படுவதில்லை, பதினொன்றாவதை விடுகிறான். கையில் விழுந்த அடி கணக்கில் வராதுதான். ஆனால் மூன்றாவது சுற்றில் அதே கையைத்தான் தூக்கி முகத்தை மறைக்க வேண்டும். வருகிறவனை நிறுத்த ஒரே ஒரு பலமான குத்தாவது வேண்டும், அது என்னிடம் இல்லை. யாரும் எனக்குக் கற்றுத்தரவும் இல்லை. நீலம் ஒட்டுவதற்கு லேசாகத் தொட்டாலே போதுமே!

அப்பா டார்ச் அடித்துப் பார்த்தார். என் முகத்தில் ஒன்றும் இல்லை. "பாத்தியா மாப்ளே, உன் வேகமெல்லாம் வேஸ்ட்டு," என்றார் அவனிடம். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அன்றைக்குச் சோற்றை எடுத்த வலது கை வாய்வரை எழும்பாமல், இடது கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சாப்பிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

மார்கழி பிறந்தபோது அந்தச் செய்தி வந்தது. அரசு விளையாட்டு விடுதியில் சேர்க்க எங்கள் மன்றத்திலிருந்து, எங்கள் எடையில் ஒரே ஒரு பையன் பெயரைத் தரலாம். சாப்பாடு, பால், முட்டை, பள்ளிப் படிப்பு எல்லாம் விடுதியிலேயே.

நானும் அவனும் விடியற்காலையில் பால் வாங்கப் போவோம். பனியில் எதிரே வருகிற கம்பெனி பஸ்ஸின் விளக்குதான் முதலில் தெரியும். ஒருநாள் பால் தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே சொன்னான்:

"இது எனக்குக் கெடைக்கலன்னா எங்கப்பா பள்ளிக்கூடத்த நிறுத்திடுவாரு மச்சான். தோட்டத்துல ஆளு பத்தலியாம்."

"உனக்குப் படிக்கணுமா என்னா?"

"படிப்பு கெடக்கட்டும். எனக்கு இது வருது மச்சான். வேற எதுவும் இந்த மாதிரி வந்ததில்ல."

இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொள்ள முடியாது.

எனக்கும் அவனுக்கும் போட்டி வைத்து யாரென்று முடிவு செய்வது என்று ஆயிற்று. நடுவர் அப்பா. "சொந்தப் பையன், எப்பிடிங்க நீங்களே பாப்பீங்க?" என்று மன்றத்துச் செயலாளர் தயங்கினார். அப்பா நீல டப்பாவைத் தூக்கிக் காட்டினார். "நான் எங்கீங்க முடிவு பண்றன்? இது பண்ணும். இதுக்கு மகன், மருமகன்னு தெரியுமா?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் நேர்மையாகத்தான் சொன்னார். அந்த நேர்மைதான் இன்றுவரை என்னைக் கடுப்பேற்றுகிறது. ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. உங்களில் மூன்று பேர் அன்று சாக்குமேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தீர்கள். முதல் சுற்றில் நான் அவன் முகத்தை நீலமாக்கினேன். இரண்டாவதில் அவன் என்னைக் கயிற்றில் தள்ளி, நெற்றியை முட்டுக்கொடுத்து, இரண்டு மேல்கைகளையும் மாறி மாறி இடித்தான். அம்மா துணி துவைக்கும் கல் ஞாபகம் வந்தது. மூன்றாவதில் என் கைகள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. முகத்துக்கு முன்னால் மடக்கி வைத்திருந்தேன், அவ்வளவுதான், இறக்கவும் முடியவில்லை. அவன் அந்தக் கைகளின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் கைகள் தாமாக விழுந்திருக்கும். நேரம் முடிந்தது என்று அப்பா விசில் ஊதிவிட்டார்.

டார்ச் வந்தது. என் காதோரம் ஒன்று, மார்பில் இரண்டு. மணிக்கட்டிலிருந்து தோள்வரை இரண்டு கையும் ஒரே நீலம். ஆனால் அது கணக்கில் வராது. அவன் முகத்தைப் பார்த்தால் நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் நீலம். நடுவில் பல் மட்டும் வெள்ளையாகச் சிரித்தது. "கிருஷ்ணர் வேசம்டா!" என்று உங்களில் ஒருவர் கத்தினீர்கள். கொட்டகையே சிரித்தது. யார் கத்தியது என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை.

அந்த நீலம் தொட்டதைத்தான் சொல்லும். எவ்வளவு அழுத்தமாகத் தொட்டது என்று சொல்லாது. இதை ஒரு கடைநிலை ஃபிட்டரைக் கேட்டாலும் சொல்லுவான். பல வருடம் அதே டப்பாவோடு வேலை பார்த்த மனிதருக்கு ஏன் உறைக்கவில்லை?

"எங்கியாவது வலிக்குதாடா?" என்று அப்பா என்னிடம் கேட்டார். அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டகையில் எல்லோரும் பார்த்தார்கள்.

"இல்லப்பா," என்றேன்.

உடனே அவர் என் வலது மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினார். ஜெயித்தவனின் கையைத் தூக்கிக் காட்டுவார்களே, அப்படி. தோளிலிருந்து விரல்வரை நெருப்பாகப் போயிற்று. கண்ணில் தண்ணீர் கொட்டியது. "பாருங்க, பையனுக்கு சந்தோசத்துல அழுகையே வந்துருச்சு!" என்றார் அப்பா. சாகும்வரை வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை மகனிடம் கம்பெனியின் மஞ்சள் அட்டை ஒன்றைக் கொடுத்தார். சரிசெய்துவிட்டு மறுபடி கொண்டுவர வேண்டிய பொருளில் கட்டுவது. "ரிஜெக்ட் இல்ல மாப்ளே, ரீவொர்க். அடுத்த வருசம் பாக்கலாம்," என்றார். விளையாட்டாகத்தான். அவன் அதை மடித்துக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

வீட்டில் அம்மா பழந்துணியை மண்ணெண்ணெயில் நனைத்து என் கைகளைத் தேய்த்தாள். "என்னாடா இது, நீலம் போகவே மாட்டேங்குது," என்று முனகிக்கொண்டே அழுத்தித் தேய்த்தாள். நான் பல்லைக் கடித்தேன். அப்புறம்தான் அவள் கை நின்றது. பசை எப்போதோ போய்விட்டிருந்தது. மீதி நிறம் தோலுக்குக் கீழே இருந்தது. "அப்பாகிட்ட சொல்லட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று அழுதேன். மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டு, முழுக்கைச் சட்டை மாட்டிவிட்டாள். அவளும் சொல்லவில்லை. மகன் விடுதிக்குப் போவதில் அவளுக்கும் ஆசை இருந்திருக்கும்.

மறுநாள் காலையே அத்தையின் வீட்டுக்காரர் வந்து அவனை அழைத்துக்கொண்டு கிளம்பினார். பேருந்து நிலையத்துக்கு நானும் போனேன். தளி பஸ்ஸின் பின் ஜன்னலில் அவன் உட்கார்ந்தான். பஸ் நகர்ந்தது. முகத்தில் இன்னும் அங்கங்கே நீலம் இருந்தது. கையை வெளியே நீட்டி ஆட்டினான். நான் இரண்டு கையும் தொங்க நின்றேன். தூக்க முடியவில்லை. அவன் ஆட்டிக்கொண்டே இருந்தான், பஸ் திரும்புவதற்கு முன் நிறுத்திவிட்டான்.

விடுதியில் நான் ஒரு பருவம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அங்கே ரிங்கில் எல்லோரும் அவன் மாதிரியே முட்டிக்கொண்டு வந்தார்கள், நீலமும் இல்லை, அப்பாவும் இல்லை. காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அதைத்தான் நீங்கள் "ஹாஸ்டல் வரைக்கும் போனவன்" என்கிறீர்கள்.

அடுத்த வருடம் அவன் வரவில்லை. அந்தத் தை அறுவடையோடே பள்ளிக்கூடம் நின்றுவிட்டிருந்தது. பிறகு அவனும் நானும் எத்தனையோ கல்யாணம், கருமாதியில் பார்த்துக்கொண்டோம். தளியில் ரோஜாவும் குடைமிளகாயும் போடுகிறான், நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் ஒவ்வொரு பந்தியிலும் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழும். "இவரு பெரிய ஆளு. அன்னைக்கி ஜெயிச்ச திமிருல எனக்கு டாட்டா கூடக் காட்டல." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இத்தனை வருடமும் சிரித்தேன். என்மேல் எனக்கு வருகிற எரிச்சலை எங்கே போய்ச் சொல்வது?

போன மாதம் கெலமங்கலத்தில் என் பேத்திக்குக் காதுகுத்து. சாப்பாடு முடிந்து அவனை பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். வழக்கம்போல ஆரம்பித்தான்: "இன்னைக்காவது டாட்டா காட்டுவியா, இல்ல அதே திமிருதானா?"

"அன்னைக்கி என் கை எழும்பலடா," என்றேன்.

"என்னாது?"

"ரெண்டு கையும். நீ அடிச்ச அடியில பத்து நாளு சட்டை மாட்ட முடியல. அப்பா கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன்."

அவன் கையிலிருந்த வெற்றிலைப் பையைக் கீழே வைத்தான். "மாமாவுக்குத் தெரியுமா?"

"கடைசி வரைக்கும் தெரியாது."

"அப்ப ஜெயிச்சது…"

"நீதான்."

திட்டுவான் என்று நினைத்தேன். விடுதி போனது, படிப்பு போனது என்று எதையாவது எடுப்பான், பதிலுக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவன் அதையெல்லாம் எடுக்கவே இல்லை.

"மாமாகிட்ட சொல்லாட்டி போவுது மச்சான். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லி இருக்கலாமில்ல?" என்றான். "என்னா பலம் போட்டு அடிச்சன் தெரியுமா? நீ முகம் சுளிக்கக்கூட இல்ல. நம்ம அடி யாருக்கும் ஒறைக்காதுன்னு முடிவு பண்ணிட்டன். அப்புறம் எதுக்கு அடுத்த வருசம் வர்றது?"

பஸ் வந்து நின்றது. என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் அவன் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினேன். வலது கைதான் நீண்டது. அது மார்பு உயரத்துக்கு வந்ததும் நின்றுகொண்டது. என்ன முக்கியும் அதற்கு மேல் போகவில்லை. இந்தத் தோள் வேறெந்த நாளிலும் என் மானத்தை இப்படி வாங்கியதில்லை!

அவன் என் கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். "சும்னிரு மச்சான்," என்றான். நான் பேசவே இல்லை. பிறகு என் பிடியிலிருந்து விடுவித்துக்கொள்ளாமல், மெதுவாக, எனக்கு வலிக்காதபடி பார்த்துப் பார்த்து, தன் கையைத் தானே மேலே கொண்டுபோனான். அவன் முழங்கையைத் தாண்டி என் விரல்கள் நழுவின. அவன் கை தலைக்கு மேலே நேராக நின்றது.

"பெரியவரே, கை காட்டினது போதும், பஸ்ஸு நின்னுதான் இருக்குது, ஏறுங்க," என்றார் கண்டக்டர்.